மின் கட்டமைப்பு + எரிவாயுக் குழாய்: நிச்சயமின்மையை மாதிரியில் எங்கே வைப்பது?

#1 · கிரிட்கோடு

மின்சாரம், இயற்கை எரிவாயு இரண்டையும் சேர்த்து நாளைய இயக்கத்தைத் திட்டமிடும் மாதிரி ஒன்று. மின் பக்கம் 24 பஸ் (மின் வலையின் சந்திப்புப் புள்ளிகள்). வாயு பக்கம் எல்லோரும் எடுக்கும் அதே பெல்ஜியம் 20 கணு வலையமைப்பு. நடுவில் ஐந்து எரிவாயு மின் நிலையங்கள். முதல் கட்டத்தில் எந்த யூனிட் ஓட வேண்டும், எவ்வளவு ரிசர்வ் (அவசரத்துக்கு ஒதுக்கி வைக்கும் திறன்) என்று முடிவு. இரண்டாம் கட்டத்தில் காற்று எப்படி அடித்தாலும் சமாளிப்பு. காற்று முன்கணிப்புப் பிழைக்கு 500 சினாரியோ.

தீர்வு ரொம்ப அழகாக வருகிறது. அதுதான் சந்தேகமாக இருக்கிறது. 500 சினாரியோவிலும் வாயுப் பக்கம் ஒரு நிபந்தனைகூட இடிக்கவில்லை, லோட் ஷெட்டிங் பூஜ்யம். 2021 பிப்ரவரிக் குளிர் புயலில் டெக்ஸாஸில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

கேட்க வேண்டியவை: காற்றைத் தவிர எதையெல்லாம் நிச்சயமற்றதாக எடுப்பது? லைன்பேக்கை (குழாய்க்குள் அழுத்தத்தில் தேங்கி நிற்கும் வாயு) எவ்வளவு நம்பலாம்? ஸ்டோகாஸ்டிக் (சினாரியோக்களின் சராசரிக்கு), ரோபஸ்ட் (மிக மோசமான நிலைக்கு), டிஆர்ஓ (மிக மோசமான நிகழ்தகவுப் பரவலுக்கு) மூன்றில் எது?

#2 · அழுத்தமானி

மற்றதெல்லாம் அப்புறம். 24-ஆம் மணி முடிவில் குழாயில் எவ்வளவு லைன்பேக் மிஞ்ச வேண்டும் என்று நிபந்தனை எழுதியிருக்கிறீர்களா? எழுதாவிட்டால் மாதிரி குழாயைத் துடைத்து எடுத்துவிட்டுப் போகும். அதற்கு நாளை மறுநாள் என்று ஒன்று கிடையாது, உள்ளே கிடக்கும் வாயு அதன் கணக்கில் இலவசம். குறைந்தபட்சம் தொடக்க அளவாவது முடிவில் இருக்க வேண்டும்.

மின் பக்கத்திலிருந்து வருபவர்கள் லைன்பேக்கை பேட்டரி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு குழாயை எடுத்துக் கணக்குப் போட்டால் தெளியும்.

நீளம் 100 கிலோமீட்டர், உள்விட்டம் 0.9 மீட்டர். உட்கொள்ளளவு சுமார் 63,600 கன மீட்டர். நுழைவில் கம்ப்ரசர் 65 பார் பிடித்து நிறுத்துகிறது, மறுமுனையில் 55 பார். சராசரி அழுத்தம் 60 பார் (இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது, அழுத்தம் குழாய் நெடுக நேர்கோடாக இறங்காது. இங்கே வித்தியாசம் சிறியது, ஆனால் இறக்கம் கூடக் கூடப் பெரிதாகும்). அந்த நிலையில் உள்ளே இருப்பது, சாதாரண நிலைக்கு மாற்றினால், சுமார் 44 லட்சம் கன மீட்டர். சராசரி 55 பாருக்கு இறங்கினால் சுமார் 40 லட்சம். ஆக 5 பாருக்குக் கிடைப்பது 4 லட்சம்.

இப்போது 500 மெகாவாட் கம்பைண்ட் சைக்கிள் நிலையம் (வாயு டர்பைனின் வெப்பத்தில் நீராவி டர்பைனையும் ஓட்டுவது), 55% திறன். மணிக்குச் சுமார் 92,000 கன மீட்டர் குடிக்கும். வரத்து கூடாமல் இந்த ஒரு நிலையத்தைத் திடீரென்று ஏற்றினால் அந்த 4 லட்சம் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும், அவ்வளவே.

அந்த நேரத்தில் மறுமுனையில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். நுழைவு 65-லேயே நிற்கிறது, சராசரி 5 பார் இறங்க வேண்டுமென்றால் மறுமுனை 55-லிருந்து 44-க்கு விழ வேண்டும். 11 பார். இன்னொரு முறை அதே அளவு உறிஞ்சினால் 30-க்கு வந்துவிடும். எஃப் ரக (பெரிய வாயு) டர்பைன்களுக்கு நுழைவில் ஏறக்குறைய 30 பார் வேண்டும், நடுவில் ரெகுலேட்டரும் ஃபில்டரும் தின்பது தனி. அதற்குக் கீழே போனால் டர்பைன் தானாகவே சுமையைக் குறைக்கும் அல்லது டிரிப் ஆகும். குழாயில் வாயு நிறைய மிச்சம் இருக்கும், ஆனால் அது உங்களுக்கு உதவாது.

இன்னொன்று. நிலையான ஓட்டத்தில் 65/55 என்பதை 65/44 என்று மாற்றினால் ஓட்டம் சுமார் 38% கூடும். அதாவது ஓட்டம் கூடக் கூட லைன்பேக் குறைகிறது. குளிர் நாளில் வீட்டு ஹீட்டர்கள் எல்லாம் வாயுவை இழுக்கும்போது குழாய் ஏற்கெனவே இளைத்துப்போயிருக்கும். பேட்டரி அப்படிச் செய்யாது.

#3 · கிரிட்கோடு

முடிவு நிபந்தனை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சேர்த்தாயிற்று. செலவு கூடியது. லோட் ஷெட்டிங் இன்னும் பூஜ்யம்தான்.

#4 · கணக்குப்புலி

வேமவுத் சமன்பாட்டை எப்படிக் கையாண்டிருக்கிறீர்கள்? ஓட்டத்தின் வர்க்கம் = மாறிலி × (நுழைவு அழுத்தத்தின் வர்க்கம் − வெளியேற்ற அழுத்தத்தின் வர்க்கம்). இதிலுள்ள சமக்குறிதான் எல்லாத் தலைவலிக்கும் காரணம். எல்லோரும் அதை "சிறியது அல்லது சமம்" என்று தளர்த்தி இரண்டாம் நிலைக் கூம்பாக்கி (எளிதில் தீரும் குவிவுக் கணக்கு) வேகமாகத் தீர்ப்பார்கள். தளர்த்தியதன் பொருள் என்ன தெரியுமா? ஒவ்வொரு குழாயிலும் இல்லாத வால்வு ஒன்றை மாட்டி, வேண்டிய இடத்தில் அழுத்தத்தை இலவசமாக இறக்கிக்கொள்ள அனுமதித்துவிட்டீர்கள். லைன்பேக்கும் மாதிரியில் இருந்தால், இந்த வால்வைக் கொண்டு வாயுவை எங்கே எப்போது தேக்குவது என்று மாதிரி விளையாடும்.

தீர்வு வந்ததும் குழாய் குழாயாக, மணி மணியாக இரு பக்கத்தையும் போட்டுக் கழித்துப் பாருங்கள். 1 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். 10, 20 என்று போனால் அது தீர்வே அல்ல. அந்த மணிகளுக்கு மட்டும் துண்டுநேர்கோடாக மாற்றி, ஓட்டத்தின் திசைக்கு 0/1 மாறி வைத்து, மறுபடி ஓட்டுங்கள். கண்ணி உள்ள வலையில் திசையை முன்கூட்டியே நிலையாக வைப்பது இன்னொரு தப்பு. கிணறு ஒரு பக்கம் நின்றால் ஓட்டம் திரும்பும்.

மூன்றாவது, ரிசர்வ். முதல் கட்டத்தில் "300 மெகாவாட் ரிசர்வ்" என்று எழுதிவிட்டீர்கள், சரி. அதை அழைக்கும்போது எரிக்க வாயு எங்கே? ஓப்பன் சைக்கிள் (நீராவிப் பகுதி இல்லாத) டர்பைன் 38% திறனில் 300 மெகாவாட் தர மணிக்குச் சுமார் 80,000 கன மீட்டர் வேண்டும். அழுத்தமானி சொன்ன 500 மெகாவாட் நிலையம் குடிப்பதில் பெரும்பகுதி. இரண்டாம் கட்டத்தில் வாயு ஓட்டம், அழுத்தம் எல்லாம் சினாரியோவுக்குச் சினாரியோ தனி மாறிகளாக இருக்க வேண்டும். சிலர் இரண்டாம் கட்டத்தில் மின் பக்கத்தை மட்டும் வைத்துவிட்டு வாயுவை நேற்றைய எண்ணிலேயே விட்டுவிடுவார்கள்.

#5 · பனிமூட்டம்

மூவரும் குழாய்க்குள்ளேயே நிற்கிறீர்கள். 500 சினாரியோவும் காற்றுக்கு மட்டும் என்பதுதான் உண்மையான ஓட்டை.

டெக்ஸாஸ், 2021 பிப்ரவரி. எண்களை வரிசையாகப் பாருங்கள்.

எர்காட் (டெக்ஸாஸின் மின் கட்டமைப்பு இயக்குநர்) அந்தக் குளிர்காலத்துக்கு வைத்திருந்த அதி மோசமான உச்ச சுமை 67,208 மெகாவாட். பிப்ரவரி 14 மாலையே 69,000-ஐத் தாண்டியது. வெட்டு இல்லாதிருந்தால் 76,000-க்கு மேல் போயிருக்கும் என்பது பின்னால் போட்ட மதிப்பீடு. யூனிட்கள் பழுதாகும் அளவில் அதி மோசம் என்று வைத்தது ஏறக்குறைய 14,000 மெகாவாட். நடந்தது: 15 காலையிலிருந்து 17 மதியம் வரை சராசரியாக 34,000 மெகாவாட் கிடைக்கவில்லை. அதே நாட்களில் மாநிலத்தின் வாயு உற்பத்தி நாளுக்கு 2,130 கோடி கன அடியிலிருந்து 1,180 கோடிக்கு விழுந்தது.

சுமை கூடியது, யூனிட் விழுந்தது, கிணறு உறைந்தது, காற்றாலை இறக்கையில் பனி படிந்தது. நான்கு தனித்தனிப் பிழை இல்லை இவை. ஒரே வெப்பமானி நான்கையும் ஆட்டியது. நான்கையும் சார்பற்றவை என்று எடுத்து நிகழ்தகவுகளைப் பெருக்கினால் கோடியில் ஒன்று என்று வரும். ஒரே குளிருக்கு நான்கும் கட்டுப்பட்டவை என்று எடுத்தால் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒரு முறை என்று வரும். 2011 பிப்ரவரியில் இதே மாநிலத்தில் இதே வகைச் சம்பவம் நடந்து, குளிர் காப்பு செய்யச் சொல்லி அறிக்கையும் வந்திருந்தது.

கிணறு எப்படி உறையும் என்று கேட்பவர்களுக்கு: மேலே வரும் வாயு சுத்த மீத்தேன் அல்ல, நீரும் திரவ ஹைட்ரோகார்பனும் சேர்ந்து வரும். கிணற்றுத் தலையில் சோக் வால்வைத் தாண்டும்போது அழுத்தம் விழும், வெப்பநிலையும் அதோடு விழும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே என்றால் வால்வுத் தொண்டையிலேயே பனிக்கட்டியும் ஹைட்ரேட்டும் (நீரும் வாயுவும் சேர்ந்து உறைந்த கட்டி) அடைத்துக்கொள்ளும். மெத்தனால் செலுத்தலாம், லைன் ஹீட்டர் வைக்கலாம், கொட்டகை போடலாம். வட டகோட்டாவில் வழக்கமாகச் செய்வார்கள். டெக்ஸாஸில் வருடத்துக்கு இரண்டு நாள் குளிருக்கு அந்தச் செலவைப் பலர் செய்யவில்லை. அடைக்காத கிணறும் நின்றது: கூட வரும் நீரைத் தொட்டியில் தேக்கி லாரியில் எடுத்துப் போக வேண்டும். சாலையில் பனி, லாரி வராது, தொட்டி நிரம்பியது, கிணற்றை மூடு.

மின் நிலையப் பக்கமும் பெரும்பாலும் இப்படிச் சின்னச் சாமான்தான். பிப்ரவரி 15 காலை 5:37-க்கு சவுத் டெக்ஸாஸ் அணுமின் நிலையத்தின் முதல் யூனிட் டிரிப் ஆனது. காரணம், ஃபீட்வாட்டர் அழுத்தத்தை அளக்கும் மெல்லிய சென்சிங் குழாய் உறைந்து தவறான சிக்னல் கொடுத்தது. 1,300 மெகாவாட் அளவிலான யூனிட், விரல் தடிமன் குழாய். அணு உலைக்கே இது என்றால் எரிவாயு நிலையத்தின் டிரம் லெவல் டிரான்ஸ்மிட்டரை (கொதிகலன் நீர்மட்டம் அளப்பது) சொல்ல வேண்டாம்.

ஃபெர்க் (அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம்), நெர்க் (மின் நம்பகத்தன்மை அமைப்பு) கூட்டறிக்கையில் எர்காட், பக்கத்து மின் இயக்குநர்களான எஸ்பிபி, மிசோ தெற்கு மூன்றிலும் சேர்த்து 1,045 யூனிட்கள், 4,124 முறை நின்றன, குறைந்தன அல்லது ஸ்டார்ட் ஆகவில்லை. உறைதல் 44.2%. எரிபொருள் கிடைக்காமை 31.4%, அதில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயு. உங்கள் மாதிரியில் இந்த 31.4% எங்கே இருக்கிறது?

#6 · கிரிட்கோடு

எங்கேயும் இல்லை. வாயு வரத்தை மாறிலியாக வைத்திருக்கிறேன்.

சரி, சேர்க்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். அது அபூர்வம் அல்லவா? 500-ல் ஒன்றோ இரண்டோ சினாரியோ. சராசரிச் செலவைக் குறைக்கும் மாதிரி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

#7 · கணக்குப்புலி

கண்டுகொள்ளாமல் போவதற்குப் பாதிக் காரணம், கொடுக்கப்படாத மின்சாரத்தின் விலையை மலிவாக வைப்பது. மெகாவாட்-மணிக்கு 1,000 டாலர் என்று போட்டால் மாதிரி சந்தோஷமாக வெட்டும். அந்தக் காலத்தில் டெக்ஸாஸ் சந்தையின் உச்சவரம்பே 9,000. அதிலிருந்து தொடங்குங்கள்.

மீதிப் பாதிக்குச் செலவுச் சராசரியோடு வால் பகுதிச் சராசரியையும் எடை போட்டுச் சேருங்கள், அதாவது மிக மோசமான 5% சினாரியோக்களின் சராசரி. நேர்கோட்டு நிபந்தனைகளாகவே எழுத முடியும், கணக்கும் பெரிதாகக் கனக்காது.

சினாரியோ செய்யும் முறைதான் முக்கியம். காற்றுப் பிழைக்கு ஒரு பரவல், சுமைக்கு ஒரு பரவல் என்று தனித்தனியாகச் சீட்டு எடுக்க வேண்டாம். வெப்பநிலையிலிருந்து தொடங்குங்கள். கிடைக்கும் அத்தனை வருடத்து மணிவாரி வானிலையை எடுத்து, ஒவ்வொரு நாளையும் அப்படியே ஓட்டுங்கள். அதே மணியின் வெப்பநிலையிலிருந்து சுமை, அதே மணியின் காற்று வேகத்திலிருந்து காற்றாலை, வெப்பநிலைக்கு ஏற்பக் கிணறு எவ்வளவு குறையும் என்ற வளைவு, வெப்பநிலைக்கு ஏற்ப யூனிட் பழுதாகும் வீதம். பழுது வீதத்தை வருடம் முழுக்க ஒரே எண்ணாக வைப்பது பழைய வழக்கம். கடும் குளிரிலும் கடும் வெயிலிலும் அது ஏறும்.

500-ஐ 20 ஆகச் சுருக்கும்போது கவனம். வழக்கமான சுருக்கும் முறைகள் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பவற்றைச் சேர்த்து, நிகழ்தகவு குறைந்ததைக் கழித்துவிடும். பிப்ரவரி 15 முதலில் காணாமல் போகும். மோசமான ஐந்தாறைச் சுருக்கலுக்கு முன்பே தனியே எடுத்து வையுங்கள்.

#8 · ஐம்பதுஹெர்ட்ஸ்

ரோபஸ்ட் போட்டால் இந்த வேலை எல்லாம் எதற்கு? சினாரியோவே வேண்டாமே.

#9 · கணக்குப்புலி

வேண்டும் ஜி, வேறு பெயரில். ரோபஸ்டில் "ஒரே நேரத்தில் அதிகபட்சம் இத்தனை பேர் மோசமாவார்கள்" என்று ஒரு பட்ஜெட் வைப்போம். பட்ஜெட் 3 என்றால் 40 யூனிட்டில் 3. சாதாரண நாளுக்கு அது பயந்தாங்கொள்ளித்தனம், புயல் நாளுக்கு அசட்டுத் துணிச்சல். பட்ஜெட்டை வெப்பநிலையோடு கட்டுங்கள். முன்கணிப்பு பூஜ்யத்துக்கு மேல் என்றால் 2, கீழே என்றால் 10, மைனஸ் 10-க்குக் கீழே என்றால் வாயுக் களத்தையே மொத்தமாக ஒரு உறுப்பாக எடுத்துப் பாதிக்குக் குறையுங்கள். அங்கே கிணறுகள் ஒவ்வொன்றாக விழுவதில்லை, கூட்டமாக விழுகின்றன.

இன்னொரு சிக்கல், தீர்க்கும் முறையில். மோசமான சினாரியோவைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்துச் சேர்க்கும் வழக்கமான வழி, உள் கணக்கு குவிவாக இருந்தால்தான் நேராக வேலை செய்யும். வாயுவின் 0/1 மாறிகள் உள்ளே நுழைந்ததும் இரட்டைக் கணக்கு (டூயல்) எழுத முடியாது. அதனால் எல்லோரும் கூம்புத் தளர்வுக்குப் போவார்கள், #4-ல் சொன்ன பொய் வால்வு திரும்ப வரும். மோசமான நிலை என்று அது காட்டுவது பொய் வால்வோடு சமாளித்த மோசமான நிலை.

டிஆர்ஓ பற்றி: கையில் உள்ள மாதிரிகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் எந்தப் பரவல் வந்தாலும் தாங்க வேண்டும் என்பது. வட்டத்தின் ஆரம் என்பது மண்ணை ஓரிடத்திலிருந்து வாரி இன்னோரிடத்தில் கொட்டும் கூலி மாதிரி. கையில் இருப்பதெல்லாம் மிதமான குளிர்காலங்கள் என்றால் சின்ன ஆரம் அந்தப் புயலைத் தொடவே தொடாது. ஆரத்தைப் பெரிதாக்கினால் இயற்கையில் வரவே வராத நிலைகளுக்கும் காசு செலவழிப்பீர்கள். என் தேர்வு: சாதாரண நாளின் காற்றுப் பிழைக்கு டிஆர்ஓ நன்றாக இருக்கும். வாயு வரத்து முறிவுக்குக் கையால் எழுதிய பத்து அழுத்தச் சோதனை நாட்களே மேல்.

#10 · அழுத்தமானி

#7-ல் சொன்ன வெப்பநிலை–கிணறு வளைவுக்குள் அடங்காத ஒன்று இருக்கிறது. கிணறு உறைந்ததால் மட்டும் வாயு குறையவில்லை. மின்சாரத்தை வெட்டியதாலும் குறைந்தது.

வரிசை இப்படி. பிப்ரவரி 15 அதிகாலை 1:20-க்கு மூன்றாம் நிலை அவசரம், லோட் ஷெட்டிங் உத்தரவு. 1:55 வாக்கில் அலைவெண் (அங்கே வழக்கம் 60) 59.302 ஹெர்ட்ஸ் வரை இறங்கியது. 59.4-க்குக் கீழே 4 நிமிடம் 23 நொடி நின்றது. 9 நிமிடம் நின்றிருந்தால் யூனிட்கள் தாங்களாகவே கழன்றிருக்கும், கட்டமைப்பே இருண்டிருக்கும். எனவே வெட்டியது சரி, வேறு வழியில்லை. உச்சத்தில் 20,000 மெகாவாட் வெட்டப்பட்டது. எந்த ஃபீடரை (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) வெட்டுவது என்பது முன்கூட்டியே எழுதிய பட்டியல். மருத்துவமனை அதில் விலக்கு. வாயு சேகரிப்பு நிலையம், பதப்படுத்தும் ஆலை, மின்மோட்டாரில் ஓடும் கம்ப்ரசர் பெரும்பாலும் விலக்கில் இல்லை, காரணம் முக்கியச் சுமை என்று யாரும் படிவம் நிரப்பிப் பதிவு செய்திருக்கவில்லை. ஃபீடர் போனது, கம்ப்ரசர் நின்றது, அழுத்தம் விழுந்தது, அடுத்த மின் நிலையம் குறைந்தது, இன்னும் வெட்டு.

இது உங்கள் மாதிரியில் நிச்சயமின்மை வெளியிலிருந்து வரவில்லை, நீங்கள் எடுக்கும் முடிவே அதை உண்டாக்குகிறது என்று பொருள். ஒவ்வொரு சுமைக் கணுவிலும் வெட்டு அளவு ஒரு மாறி. அந்தக் கணுவில் கம்ப்ரசர் இருந்தால் அதன் அழுத்த விகிதத்தை அதோடு கட்டுங்கள். கொஞ்சம் கசப்பான கணக்கு, ஆனால் எழுத முடியும்.

#11 · ஐம்பதுஹெர்ட்ஸ்

இதை மிகைப்படுத்தக் கூடாது. வெட்டு 15 அதிகாலை. கிணறுகள் அதற்கு முன்பே உறையத் தொடங்கிவிட்டன. வாயு உற்பத்தி இழப்பில் குளிர் நேரடியாகச் செய்தது பாதிக்குச் சற்றுக் குறைவு. மின்சாரம் போனதால் ஐந்தில் ஒரு பங்கு, அதிலும் கம்பி அறுந்து போனது சேர்த்தி. சங்கிலி உண்டு, அதுவே கதை முழுதும் அல்ல.

#12 · அழுத்தமானி

பங்கு பற்றிச் சரி. ஆனால் ஐந்தில் ஒன்று என்பது பேனாவும் படிவமும் இருந்தால் தடுத்திருக்கக்கூடிய ஐந்தில் ஒன்று. மெத்தனால் வேண்டாம், ஹீட்டர் வேண்டாம். 2021 ஜூனில் வந்த மாநிலச் சட்டம் முதலில் செய்யச் சொன்னவற்றில் ஒன்று இந்த வரைபடம்தான், எந்த வாயுச் சாதனம் எந்த ஃபீடரில் என்று.

#13 · ஐம்பதுஹெர்ட்ஸ்

அதை ஏற்கிறேன்.

குளிரிலேயே நின்றுவிட வேண்டாம் என்பதற்காக ஒன்று. தைவான், 2017 ஆகஸ்ட் 15, மாலை 4:51. புயல் இல்லை, பனி இல்லை. தாத்தான் நிலையத்துக்கு வாயு கொடுக்கும் அளவீட்டு நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கருவியின் பவர் சப்ளையை மாற்றுகிறார்கள். வால்வுகளை மேனுவலுக்கு மாற்றாமலே வேலை நடந்தது. இரண்டு வால்வு தானாக மூடி, இரண்டு நிமிடம் கழித்துத் திறந்தது. அந்த இரண்டு நிமிடத்தில் ஆறு யூனிட்டும் விழுந்தன, சுமார் 4,200 மெகாவாட். தீவு முழுக்கச் சுற்றுமுறை வெட்டு, பொருளாதார அமைச்சர் ராஜினாமா.

மின் பக்கத்தில் ஒரே யூனிட் போனால் தாங்குமா என்றுதான் எல்லோரும் பார்ப்போம். வாயுப் பக்கத்தில் ஒரே வால்வு போனால் எத்தனை யூனிட் போகும் என்று ஒரு பட்டியல் போட வேண்டும். உங்கள் ஐந்து நிலையத்தில் எத்தனை ஒரே கிளைக் குழாயில் தொங்குகின்றன? மூன்று என்றால், அந்த மூன்றையும் கூட்டி வருவதுதான் உங்கள் மிகப்பெரிய யூனிட். ரிசர்வை அதற்கு அளந்து வையுங்கள், அந்த மூன்றிலேயே ரிசர்வை வைக்காமல்.

#14 · கிரிட்கோடு

நான்கு தொங்குகின்றன. ரிசர்வில் பெரும்பகுதியும் அங்கேதான். 🙂

நடைமுறையில் எந்தக் கட்டமைப்பு இயக்குநராவது வேமவுத் சமன்பாட்டோடு யூனிட் கமிட்மெண்ட் (எந்த யூனிட் எப்போது ஓடும் என்ற திட்டம்) ஓட்டுகிறாரா? குழாய்த் தரவை மின் பக்கத்துக்குக் கொடுக்கவே மாட்டார்களே.

#15 · அழுத்தமானி

பெரும்பாலும் இல்லை. கையாளும் வழி எளிமையானது. கலிஃபோர்னியாவில் 2015 அக்டோபரில் அலிசோ கேன்யன் நிலத்தடிச் சேமிப்பில் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது, கிணற்றை அடைக்க 2016 பிப்ரவரி ஆனது. 8,600 கோடி கன அடி கொள்ளும் சேமிப்பு, லாஸ் ஏஞ்சலஸ் வட்டார நிலையங்கள் அதை நம்பி மேலும் கீழும் ஓடியவை. அதன்பின் மாநில மின் இயக்குநர் வைத்துக்கொண்டது ஒரு உச்சவரம்பு: இந்த வட்டாரத்து நிலையங்கள் எல்லாம் சேர்ந்து இத்தனை மணியில் இவ்வளவுக்கு மேல் வாயு எரிக்கக் கூடாது. ஒரே ஒரு நேர்கோட்டு நிபந்தனை. எண்ணைக் கணக்கிடுவது வாயுப் பக்கத்தின் வேலை, அவர்களுடைய ஓட்ட மாதிரியில். இரண்டு பக்கமும் தரவை மறைத்துக்கொண்டே மாறி மாறிச் சமரசம் செய்யும் அல்காரிதங்களை நிறையக் கட்டுரைகளில் பார்க்கலாம். கட்டுப்பாட்டு அறையில் பார்க்க முடியாது. இந்த ஒற்றை எண் எந்த ஆபரேட்டருக்கும் புரியும், தொலைபேசியில் சொல்லலாம்.

அமெரிக்காவில் குழாய் நிறுவனமும் மின் இயக்குநரும் ஒருவருக்கொருவர் இயக்கத் தகவல் சொல்லலாம் என்று ஃபெர்க் 2013-லேயே ஆணை 787-ல் தெளிவாக்கிவிட்டது. "லாம்" தான், "வேண்டும்" இல்லை.

உங்கள் மாதிரிக்கும் இதையே சொல்வேன். முழு வாயு மாதிரியைத் தனியே ஓட்டி, ஒவ்வொரு அழுத்தச் சோதனை நாளுக்கும் வட்டாரவாரி மணிவாரி உச்சவரம்பு எடுங்கள். அதை மின் மாதிரியில் செருகுங்கள். வந்த தீர்வைத் திரும்ப வாயு மாதிரியில் ஓட்டி 30 பார் நிற்கிறதா பாருங்கள். இரண்டு மூன்று சுற்றில் அடங்கிவிடும்.

#16 · பனிமூட்டம்

இரட்டை எரிபொருள் பற்றி யாரும் பேசவில்லை. குழாயின் கடைசியில் இருக்கும் நியூ இங்கிலாந்துக்கு (அமெரிக்காவின் வடகிழக்கு மூலை) அதுதான் உயிர். குளிர் நாளில் குழாய் வீடுகளுக்குப் போகும், நிலையங்கள் டீசலுக்கு மாறும். அங்கே நிச்சயமின்மை மெகாவாட்டில் இல்லை, தொட்டியில் எத்தனை நாள் எண்ணெய் என்பதில். அதனால்தான் 2017–18 குளிருக்குப் பிறகு அந்த வட்டார மின் இயக்குநர் 21 நாள் முன்னோக்கிய எரிபொருள் கணிப்பு போடத் தொடங்கினார். ஒரு நாள் மாதிரியில் தொட்டி எப்போதும் நிறைந்தே இருக்கும். பத்தாம் நாள்தான் காலியாகும். கப்பல் வருவதும் லாரி வருவதும் அதே புயலைப் பொறுத்தவை.

மாதிரியில் எழுதும்போது: எரிபொருள் மாற்றுவதற்குச் சில யூனிட்கள் சுமையை இறக்க வேண்டும், சில நின்று தொடங்க வேண்டும். மாற்றம் தோற்கும் நிகழ்தகவைப் பூஜ்யமாக வைக்காதீர்கள், வருடத்தில் ஒரு முறைகூட ஓடாத எண்ணெய் பம்ப் குளிரில் முதல் தடவையே கிளம்பும் என்று எதிர்பார்க்க முடியாது. டீசலில் ஓடும் மணி நேரத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியில் வரம்பும் இருக்கும்.

இன்னொன்று, வெப்பநிலை வரம்பு தேர்ந்தெடுக்க நெர்க்கின் குளிர்காலத் தரநிலையில் ஒரு எண் உண்டு: 2000 ஜனவரியிலிருந்து டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மணிவாரி வெப்பநிலைகளில் கீழ் 0.2 சதவீதப் புள்ளி. கேட்க மிகக் கடுமை போலத் தோன்றும். குளிர்காலத்துக்கு 2,160 மணி என்றால் 0.2% என்பது சராசரியாக நாலு மணி நேரம். அந்த மணிகள் வருடத்துக்கு நாலு நாலாகப் பிரிந்து வருவதில்லை. இருபது வருடத்து எண்பது சொச்ச மணியும் இரண்டு மூன்று புயலில் குவிந்து கிடக்கும். உபகரணம் வாங்க அந்த எண் போதும். அழுத்தச் சோதனைக்குப் போதாது, அதற்குக் கீழே எத்தனை மணி தொடர்ந்து நிற்கும் என்பதையும் எடுங்கள்.

#17 · கிரிட்கோடு

வெப்பநிலை இயக்கும் சினாரியோ, கையால் எழுதிய சோதனை நாட்கள் பத்து, கிளைக் குழாய் முறிவு, உச்சவரம்பு முறை. இதையெல்லாம் சேர்க்கிறேன். கடைசியாக ஒன்று: 24 மணி மாதிரியை நள்ளிரவில் தொடங்குகிறேன், சரிதானே?

#18 · ஐம்பதுஹெர்ட்ஸ்

இல்லை. அமெரிக்காவில் மின் நாள் நள்ளிரவில் தொடங்கும், கேஸ் நாள் அங்கே மத்திய நேரம் காலை 9-க்கு. ஒரு மின் நாள் இரண்டு கேஸ் நாளில் விழுகிறது, முதல் 9 மணி ஒன்றில், மீதி 15 இன்னொன்றில். குழாயில் இடம் கேட்கும் முதல் சுற்று முந்தைய நாள் மதியம் 1 மணி, அடுத்தது மாலை 6. கேஸ் நாளன்று இன்னும் மூன்று: காலை 10, மதியம் 2:30, மாலை 7. மாலை 7-க்கு மேல் காற்று விழுந்தால் புதிதாகக் கேட்க வழி இல்லை, லைன்பேக்தான். பல ஒப்பந்தங்களில் நாள் அளவை 24-ஆல் வகுத்து ஒரே சீராக எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். மாலை உச்சத்துக்கு மட்டும் ஓடும் டர்பைன் அதை நேராக மீறும். குளிர் நாளில் குழாய் நிறுவனம் ஓட்டக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டால் மீறலுக்கு அபராதம்.

வார இறுதியையும் மறக்க வேண்டாம். 2021-ல் பிப்ரவரி 15 திங்கள், அரசு விடுமுறை. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் நான்கு நாளுக்கான வாயுவும் 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே ஒரே கட்டாகப் பேசி முடிக்கப்பட்டது, நான்கு நாளுக்கும் ஒரே அளவு. திங்கள் அதிகாலை 1:20 என்பது ஞாயிறு காலை 9-க்குத் தொடங்கிய கேஸ் நாளுக்குள் இருக்கிறது.

நள்ளிரவில் தொடங்கி மறுநாள் காலை 9 வரை ஓட்டுங்கள், 33 மணி. லைன்பேக் முடிவு நிபந்தனையை 24-ல் வைக்காமல் 33-ல் வையுங்கள். விடுமுறை வாரத்துக்கு முதல் கட்ட வாயுக் கொள்முதலை நான்கு நாளுக்கும் ஒரே மாறியாகக் கட்டிவிடுங்கள்.

#19 · கணக்குப்புலி

33 × சினாரியோ எண்ணிக்கை × குழாய். கணினிக்கு மூச்சு வாங்கும். 24-க்குப் பிறகு வரும் ஒன்பது மணிக்கு 0/1 மாறிகளைத் தளர்த்திவிடுங்கள், யூனிட் நிலையை மட்டும் தொடருங்கள். முதல் 24-ஐத் தொடாதீர்கள்.